சிவப்பு அம்பு ஒட்டிய நாற்பது பிரதிகள்

அமிர்தவள்ளி அக்கா முதன்முதலாக மேடையில் பேசியது இரண்டரை வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் நின்றார். நின்றவர் தொடரவில்லை.

ஆம்பூரில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அது. ஜவுளிக்கடை மாடியில் நாற்காலி போட்டு, பேனர் கட்டி, சமோசாவும் டீயும் வரவழைத்திருந்தார்கள். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. மாதனூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இருபத்தாறு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே தன்னோடு தைக்கும் பெண்களைப் பற்றி அவர் எழுதிய பதினோரு கதைகள் 'பாதி ஜோடி' என்ற பெயரில் அப்போதுதான் புத்தகமாகியிருந்தன. வெளியிட்டவர் இன்பராஜ். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையும் கல்லூரி ப்ராஜெக்டும் அச்சடிக்கிற சின்ன அச்சகம் அவருடையது. வருடத்துக்கு மூன்று இலக்கியப் புத்தகம் போடுவார். அதைப் பற்றி மட்டும் வீட்டில் வாய் திறக்கமாட்டார்.

நான் அந்த அச்சகத்தில் அட்டை வடிவமைக்கிறேன். ஏழு வருடம் வெளியே சுற்றிவிட்டு ஆம்பூருக்குத் திரும்பியிருந்தேன். மூன்று மாதத்தில் மறுபடி கிளம்பிவிடுவதாக எல்லாரிடமும் சொல்லி, ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அக்காவுக்கான உரையை இன்பராஜே எழுதிக் கொடுத்திருந்தார். தோல் நகரின் கண்ணீரைத் தமிழன்னையின் பாதங்களில் காணிக்கையாக்குவது பற்றிய உரை. அக்கா அதை பஸ்ஸில் ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தார். மைக் முன்னால் வந்து "அவையோருக்கு என் பணிவான வணக்கம்" என்றார். பணிவு அந்தச் சொல்லில் மட்டும்தான் இருந்தது. மைக் அலறியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது வாக்கியமும் அதே சத்தத்தில் வந்தது. யாரோ சிரித்தார்கள். ஒருவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, "இப்ப மெதுவா பேசுங்கம்மா" என்றார். அறை முழுக்க அமைதியானது. அந்த அமைதியில்தான் அக்காவின் மூன்றாவது வாக்கியம் நின்றுபோனது.

கீழே இறங்கி வந்து டீ குடிக்கும்போது கேட்டேன்.

"என்னக்கா ஆச்சு, மறந்துடுச்சா?"

"மறக்கல பாப்பா. அந்தாளு ஃபேன நிறுத்திட்டாரு பாரு, அதான். லைன்ல நூத்தி அம்பது மிஷின் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல பேசித்தான் எனக்குப் பழக்கம். எல்லாம் ஒரே நேரத்துல நின்னுச்சுன்னா, யாருக்கோ கை மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். ரூம் அமைதியானதும் எனக்கு யாரு கைன்னு பாக்கணும்னு தோணிடுச்சு."

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்ற உமைமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உமைமா அதே லைனில் தைப்பவர், அக்காவுக்குப் பஸ்ஸில் பக்கத்து சீட். அந்த லைன்காரர்கள் சத்தத்தில் கையால்தான் பேசிக்கொள்வார்கள். வயிற்றைத் தொட்டுக் காட்டினால் சாப்பாடு வந்துவிட்டது. தோளைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். உள்ளங்கையில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்த பீஸை எடு. உமைமா அக்காவைப் பார்த்து அப்படி உள்ளங்கையைத் தட்டிக் காட்டினார்.

"விடு, அடுத்தத எடு" என்றார் வாயாலும்.

இன்பராஜுக்கு அப்படி விட முடியவில்லை. மறுநாள் ஃபோனில் அக்காவிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இப்பல்லாம் எழுதினா மட்டும் பத்தாது. எழுதினவங்களே நாலு மேடை ஏறணும், ஃபோன்ல முகம் காட்டணும். முதல் புக் நகரலைன்னா ரெண்டாவத நான் எப்படி அக்கா தொடறது?"

இரண்டாவது புத்தகம் ஏற்கெனவே எழுதப்பட்டு, ஆறு நீள நோட்டுகளில் அக்காவின் பீரோவில் இருந்தது. ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"ரெண்டாவது வந்தே ஆகணும் சார். முதல் புக்குல ஒரு விஷயம் தப்பா எழுதிட்டேன். ரெண்டாவதுலதான் அத சரி பண்ணியிருக்கேன். அது வர்றதுக்கு நான் இன்னா பண்ணணுமோ சொல்லுங்க, பண்றேன்."

"இன்னா தப்பு அக்கா?"

"அது வர்றப்ப படிங்க."

செய்ய வேண்டியவற்றில் முதலாவது வீடியோ. அதற்காக அடுத்த ஞாயிறு நான் மாதனூர் போனேன். அக்கா வீட்டில் அவரது கணவர் வேலு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "டிவில வருமா?" என்று கேட்டார். ஃபோனில்தான் என்றதும் மாட்டின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒரே ஒரு வரி சொல்லச் சொன்னேன். என் புத்தகம் நன்றாக இருக்கும், வாங்கிப் படியுங்கள்.

"நல்லா இருக்கும்னு நானே எப்படி சொல்றது?"

"எல்லாரும் அப்படித்தான் அக்கா சொல்றாங்க."

"எல்லாரும் சொல்லட்டும். தெச்சவ ஓகே சொல்லக்கூடாது பாப்பா. அதுக்குத்தான் செக்கர் இருக்கறது. என் பீஸ் நல்லாருக்குன்னு நானே சொன்னா, லைன்ல சிரிப்பாங்க."

பதினான்கு வருடமாக அவர் செக்கர். தைத்து வருகிற ஷூ மேல்பாகத்தைக் கையில் வாங்கி, எங்கே நூல் தப்பியிருக்கிறது, எங்கே தோலில் தழும்பு, எங்கே ஓரம் கோணல் என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் விரல் நகம் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவது வேலை. அம்பு ஒட்டிய பீஸ் ரிப்பேர் மேசைக்குத் திரும்பிப் போகும். சரியானதும் அம்பை உரித்து எடுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று கேட்டேன். ஆயிரத்துக்குக் கம்மி இல்லை என்றார். அதெப்படி முடியும் என்று வாய் விட்டே கேட்டுவிட்டேன்.

"உன் ஷூவ கழட்டு" என்றார்.

என்னுடையது மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸ். நான்கு நாடு பார்த்தது. அதன் மேல் எனக்கு ஒரு பெருமை உண்டு. அக்கா அதை மடியில் வைத்து, கண்ணை என் முகத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் தையல் மேல் ஓட்டினார். மாட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குதிகாலைச் சுற்றி வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. அவரும் மாட்டுப் பேச்சை நிறுத்தினார். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து அம்பு ஒன்றை எடுத்து அங்கே ஒட்டினார்.

குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்மடிப்பில் இரண்டு தையல் ஊசி தாண்டியிருந்தது. மூன்று வருடம் போட்டு நடந்திருக்கிறேன்.

"இது ஆம்பூர்ல பாஸ் ஆயிருக்காது" என்றார் அக்கா, வருத்தமாக.

அப்புறம் ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தார். தோலில் ஒரு சுவடு இல்லை. "தோலுக்குன்னே செஞ்ச பசை இது. கம்பெனிதுன்னு நெனச்சிடாத, பஜார்ல என் காசு போட்டு வாங்கினது" என்றார்.

வீடியோ எடுக்காமலே திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது என் கட்டைவிரலை பூட்ஸ் மேல் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

அடுத்த மாதம் வேலூர் கோட்டை மைதானத்தில் புத்தகக் காட்சி. உள்ளூர் எழுத்தாளர்களுக்கு மாலையில் தலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு அமிர்தவள்ளி. இன்பராஜ் யாரையோ பிடித்து வாங்கிய நேரம் அது. ஸ்டாலில் வைப்பதற்கு நாற்பது பிரதிகளில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி, ஒரு அட்டைப்பெட்டியை அக்கா வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை பெட்டி திரும்பி வந்தது. அக்கா அதைப் பஸ்ஸில் வேலூர் வரும் சொந்தக்காரர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

நான்தான் பிரித்தேன். முதல் பிரதியைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நீல மையில் அழகான கையெழுத்து. பதினேழாம் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. நாற்பத்தொன்றில் ஒன்று. அறுபத்து மூன்றில் இரண்டு அடுத்தடுத்து. அடுத்த பிரதியை எடுத்தேன். அதே பக்கங்களில் அதே அம்புகள். நாற்பதிலும்.

இன்பராஜ் ஒரு பிரதியை வாங்கிப் புரட்டினார். பிறகு ஃபோன் போட்டார். அப்போது கம்பெனியில் சாப்பாட்டு நேரம்.

"அக்கா, புக்குல இது இன்னா அக்கா?"

"எது சார்?"

"சிவப்பா ஒட்டியிருக்கே!"

"ஓ, அதுவா. வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி செக் பண்ணணும் இல்ல சார்? நீங்கதான் பண்ணலியே. பதினேழாம் பக்கத்துல 'கால்' அப்படின்றதுல கால் விட்டுப் போயி 'கல்'னு நிக்குது பாத்தீங்களா?"

"அக்கா, அது அச்சுப்பிழை. வாசகர் தானா புரிஞ்சிக்குவார். யாராவது விக்கிற பொருள்ல இருக்கற குறைய அவங்களே காட்டுவாங்களா?"

"காட்டாம எப்படி சார் குடுக்கறது?" என்றார் அக்கா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது குரலில் தெரிந்தது. "பேஜாரா இருந்தா உரிச்சிடுங்க சார். சுவடே தெரியாது."

நான் ஒன்றை உரித்தேன். அம்போடு சேர்ந்து காகிதத்தின் மேல்தோலும் வந்தது. மூன்று சொற்கள் வந்துவிட்டன. இன்னும் மெல்ல, சூடு காட்டி, எண்ணெய் தொட்டு, பிளேடு வைத்துப் பார்த்தோம். தோலுக்கென்று செய்த பசை காகிதத்தை விடுவதாக இல்லை. மூன்று பிரதிகளைக் கிழித்த பிறகு இன்பராஜ் கையை எடுத்தார். கடையில் வேறு பிரதி இல்லை; முதலில் அடித்ததே நூறுதான், மீதியை இலவசமாகக் கொடுத்தாயிற்று. மறு அச்சுக்கு அவகாசமும் இல்லை.

டீ நேரத்தில் இன்பராஜ் மறுபடி ஃபோன் போட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். பின்னால் சாப்பாட்டுக்கூடத்தின் டம்ளர்கள் கேட்டன.

"தோல்னு நெனச்சிட்டேன் சார்" என்றார். "இருபத்தாறு வருசமா கையில அதான் இருக்குது. அப்ப ரெண்டாவது புக்கு?"

"முதல்ல நாளைக்கு வாங்க அக்கா" என்று இன்பராஜ் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அரை ஷிஃப்ட் முடித்து, கம்பெனி சேலையிலேயே அக்கா வந்தார். உமைமாவும் லைனிலிருந்து இன்னும் ஆறு பெண்களும் கூடவே வந்திருந்தார்கள். மைதானத்தில் ஒரே இரைச்சல். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், பக்கத்தில் பஜ்ஜிக் கடை, ஒலிபெருக்கியில் யாரோ ஒருவர் தவறவிட்ட கைப்பை பற்றிய அறிவிப்பு. எங்களுக்கு முன்னால் பேசிய கவிஞர் இரண்டு முறை நிறுத்தி, அமைதி காக்கும்படி கேட்டு, கடைசியில் கோபித்துக்கொண்டு இறங்கினார். அடுத்துப் பேச வேண்டிய அக்காவுக்கு இன்பராஜ் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அந்த அம்பப் பத்தி மட்டும் பேச்சு எடுக்காதீங்க அக்கா. கதை எழுத வந்த கதைய சொல்லுங்க, போதும்."

அக்கா மேடை ஏறினார். கையில் ஒரு பிரதி. மைக் முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தார். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. நான் ஆம்பூர் மாடியை நினைத்துக்கொண்டேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து உமைமா கையை உயர்த்தி, உள்ளங்கையில் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அதே மாதிரி தட்டினார்கள்.

அடுத்த பீஸை எடு.

அக்கா குனிந்து புத்தகத்தைத் திறந்தார். இன்பராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பதினேழாம் பக்கம்" என்றார் அக்கா. ஜெனரேட்டருக்கு மேலே, லைனில் கூப்பிடுகிற அதே குரல். இந்த முறை மைக் அலறவில்லை, அலறியிருந்தாலும் கேட்டிருக்காது. "இங்க ஒரு சிவப்பு அம்பு இருக்குது. 'கால்'ல கால் காணோம். ஷூ கதையில கால் இல்லாம போச்சு."

சிரிப்பு எழுந்தது. பஜ்ஜிக் கடைப் பக்கம் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"நான் செக்கர். தப்பு இருக்கற இடத்துல இத ஒட்டுவேன். தோல்ல இருந்து நல்லா வந்துடும். காகிதத்துல வராதுன்னு எனக்குத் தெரியாது. சார் நேத்தெல்லாம் பிளேடு வெச்சி சுரண்டியிருக்காரு, பாவம். அதனால எது எதுக்கு ஒட்டியிருக்குதுன்னு நானே சொல்லிட்றேன். நாற்பத்தொண்ணாம் பக்கம். கடைசி நாள்ன்னு ஒரு கதை. அன்னைக்கு மழை பெஞ்சுதுன்னு எழுதியிருக்கேன். பெய்யல. தோ அங்க உக்காந்திருக்காங்க, என் லைன்காரங்க, கேளுங்க. வெயில் கொளுத்துச்சு. அழுவுற மாதிரி எழுதணும்னு மழைய நான் கொண்டாந்தேன்."

இப்போதும் சிரித்தார்கள், ஆனால் குறைவாக. அக்கா பக்கங்களைப் புரட்டினார். அறுபத்து மூன்றுக்கு வந்ததும் புத்தகத்தைப் பார்க்காமல் கட்டைவிரலால் அந்த அம்பைத் தடவினார். என் பூட்ஸைத் தடவிய அதே விரல்.

"இங்க ரெண்டு ஒட்டியிருக்கேன். அதே கதையோட முடிவு. மேரின்னு ஒருத்தி, நல்லா தைக்கிறவ, தானா வேலைய விட்டுட்டு சந்தோசமா போனான்னு எழுதியிருக்கேன். அவ மேரி இல்ல, ஹெலன். இந்த விசயத்த நான் மேடையில சொல்லப் போறேன்னு நேத்து அவளுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். சொல்லிக்கோன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. எனக்கு பஸ்ல பக்கத்து சீட்டு அவ, எட்டு வருசம். நான் செக்கர் ஆன ரெண்டாவது வருசம் அவ தையல் கோண ஆரம்பிச்சது. ஒரே நாள்ல ஒம்பது பீஸ்க்கு அம்பு ஒட்டினேன். தப்பு இருந்துது, ஒட்டினேன், அதுல தப்பு இல்ல. ஆனா எதனால கோணுதுன்னு எனக்குத் தெரியும். ஊசி கோக்கறப்ப பாத்திருக்கேன். அவளுக்குக் கிட்ட இருக்கறது மங்கிடுச்சு. பீஸ எடுத்து எடுத்துக் காட்டினேனே தவிர, கண்ணாடி ஒண்ணு வாங்கிக்கோடின்னு அவகிட்ட சொல்லல. ஆபீஸ்லயும் சொல்லல. புதுசா செக்கர் ஆயிருக்கேன், கூட்டாளிக்கு சலுகை காட்டறான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அவள வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. கதையில அத எழுத எனக்கு தைரியம் வரல."

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பு ஓய்ந்திருந்தது. பஜ்ஜிக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இத ரெண்டாவது புக்குல சரியா எழுதியிருக்கேன். அது வரணும்னா இது விக்கணுமாம். அதான் வந்தேன். இந்த புக்குல இவ்ளோ குறை இருக்குது. மத்த எடமெல்லாம் தடவிப் பாத்துட்டேன், அதெல்லாம் நெஜம். வேணும்னா வாங்குங்க."

இறங்கிவிட்டார். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிசைதான் முதலில் கைதட்டியது. ஏழு வருடத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் தங்களைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தின் நடுவே நின்று, இதோ என் குறை, இந்தப் பக்கம், இந்த வரி என்று விரல் வைத்துக் காட்டிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

முப்பத்தேழு பிரதிகளும் ஏழு மணிக்குள் தீர்ந்துவிட்டன. கிழித்த மூன்றையும் கேட்டு வாங்கிப் போனார்கள். இன்பராஜ் ஓடி ஓடி, கிடைக்காதவர்களின் பெயரை எழுதிக்கொண்டார்.

"அக்கா, மறு அச்சு போட்டுடலாம். ஒவ்வொண்ணுலயும் இந்த அம்ப ஒட்டியே விப்போம். ஜனங்க அதத்தான் கேக்கறாங்க. ஐந்நூறு ஒட்ட முடியுமா?"

"மறு அச்சுல அந்தத் தப்பு இருக்குமா?"

"பதினேழாம் பக்கத்த திருத்திடுவோம்."

"அப்புறம் எதுக்கு சார் அங்க அம்பு? தப்பு இல்லாத எடத்துல ஒட்டினா அது அம்பு இல்ல, டிசைன்."

இன்பராஜ் பெயர் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "நோட்ட எடுத்துட்டு வாங்க அக்கா. ஆறையும்" என்றார்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். நோட்டை இன்பராஜிடம் கொடுக்கும் முன்னால் ஹெலனிடம் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றும், நானும் கூட வர முடியுமா என்றும் அப்புறம் என்னிடம் தனியாகக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் நாட்றம்பள்ளிக்குப் பஸ் ஏறினோம். ஹெலன் அங்கே வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறார். நாங்கள் போனபோது கழுத்தில் இன்ச் டேப், மூக்கில் தடித்த கண்ணாடி. அக்காவைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாம்மா, பேச்சாளரே" என்றார். "வீடியோ வந்துச்சு. உமைமா அனுப்பிச்சா. ஏன்டி அப்படிக் கத்தற, ஜோலார்பேட்டை ஜங்ஷன்ல ரயில் நிறுத்தற மாதிரி?"

"கத்தினாதான் வருது."

"உக்காரு. நோட்டக் குடு."

நான்காவது நோட்டில் அந்தக் கதை இருந்தது. ஹெலன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். தையல் மிஷினின் மேலேயே நோட்டை வைத்து, விரலால் வரி பிடித்துப் படித்தார். அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் காபி கொடுத்தார்கள், அது ஆறிப்போனது. அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"அந்த ஸ்டிக்கர் வெச்சிருக்கியா?" என்று கேட்டார் ஹெலன்.

அக்கா டப்பாவைக் கொடுத்தார். ஹெலன் ஒன்றை உரித்து, ஒரு வரியின் பக்கத்தில் அழுத்தி ஒட்டினார். நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

'தன் கண் மங்குவது அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்' என்ற வரி.

"உனக்கு மட்டும் தெரியுமாம்ல? கண்ணு என்னுதுடி. உனக்கு ஆறு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டா ஸ்டிச்சிங்லருந்து எடுத்து பேக்கிங்ல போட்டுடுவாங்கன்னு மறைச்சேன். உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து ஜெபப் புத்தகத்த வெறுமனே புரட்டினு வந்தேன். பன்னெண்டு வருசமா நீ பாவம் பண்ணேன்னு மனசுல வெச்சிருந்து, இப்ப ஊரெல்லாம் சொல்லினு திரியற. எனக்கு ஒரு பங்கு குடுக்க மாட்டியா?"

அக்கா நோட்டை வாங்கிக்கொண்டார். அந்த அம்பைத் தடவினார். பதினான்கு வருடத்தில் அவருடைய பீஸ் மேல் இன்னொருவர் ஒட்டிய முதல் அம்பு அதுவாகத்தான் இருக்கும். அழுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் வந்தது வேறு. அன்று மாதனூரில் நான் என் பூட்ஸைப் பார்த்துக் குனிந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியலயே ஹெலன்" என்றார். "பக்கத்துலயே உக்காந்திருந்தேன், எனக்கு இது தெரியலயே."

"உனக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. இப்ப இன்னா பண்ணப் போற?"

"ரிப்பேர்."

"எவ்ளோ நாளு ஆகும்?"

"முழுக்கதையும் பிரிச்சிதான் தைக்கணும். நீ சொல்லச் சொல்ல எழுதறேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர்றேன்."

"சும்மா வராத. ஹூக் தெக்கறதுக்கு ஆளு இல்ல எனக்கு."

திரும்பி வரும்போது நெடுஞ்சாலை நிறுத்தத்தில் வைத்து இன்பராஜுக்கு ஃபோன் போட்டார். நோட்டு இப்போதைக்கு வராது என்றார். அந்தப் பக்கம் இன்பராஜ் ஏதோ நீளமாகச் சொன்னார். ஜனங்களுக்கு மறந்துவிடும், சூட்டோடு சூடாகப் போட வேண்டும் என்பது மாதிரி. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே அக்கா பேசினார்.

"மறந்தா மறக்கட்டும் சார். நான்தான் மறுபடி மேடை ஏறி பேசிடுவேனே. இப்பதான் வழி தெரிஞ்சிடுச்சே."

ஃபோனை வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நீ எப்ப கெளம்பற பாப்பா? மூணு மாசம்னு சொன்னியே."

"ரெண்டாவது புக்குக்கு அட்டை போடணுமே அக்கா" என்றேன்.

பஸ் வந்தது. கூட்டம். அக்கா நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டு, ஹெலனோடு உட்கார்ந்து வந்த அதே பக்கம் உட்கார்ந்தார். வாணியம்பாடி தாண்டும்வரை நான்காவது நோட்டைத் திறந்து வைத்து, அந்த ஒரு வரியின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.